ஓவசியர் வீட்டு வெள்ளைக் கடதாசிப்பூ

என் அன்புக்கும், அதே அளவு ஆத்திரத்துக்கும் உரிய தவத்துக்கு,

உன் முதலாம் ஆண்டு நினைவுக்குப் படம் போட்டுப் பேப்பரில் நாலு வரி கொடுத்தோம். "உன் நினைவால் வாடும் மகள், மச்சாள்" என்று பேப்பர்க்காரரே எழுதிப் போட்டார்கள். நீ வாசித்திருந்தால், "வாடுறாக்களுக்கு ஆராவது தண்ணி ஊத்துங்கோவன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். அந்த நாலு வரியில் நான் சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. சொல்ல வேண்டியது இப்போதுதான் வந்திருக்கிறது.

பயமாக இருக்கிறது, தவம். உன் மகள் சுபாவை நினைத்தால் பயமாக இருக்கிறது. அவள் உள்ளே கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருக்கிறாள். வெகுநேரமாக ஒரு பக்கமும் புரளவில்லை. நான் படலையடியில் கதிரையைப் போட்டு, பொழுது படுவதற்குள் உனக்கு எழுதி முடிக்கப் பார்க்கிறேன். இங்கிருந்து பார்த்தால் அவளுடைய முதுகு தெரியும்.

உன் மரத்தைப் பற்றிச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் நீ காது கொடுக்கமாட்டாய். பங்குனி வெயிலுக்குப் பூத்துக் கொட்டுகிறது. படலைக்கு மேலே நீ பனஞ்சலாகையால் கட்டிய வளைவு கண்ணுக்கே தெரியவில்லை. நாவல் நிறம், செம்மஞ்சள், மஞ்சள், ரோசா, நாலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. பஸ்ஸில் போகிறவர்கள் ஒரே மரத்தில் நாலு நிறமா என்று இன்னும் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரே கிடங்கில் நாலு தடி நட்டு, நாலையும் பின்னி வளர்த்த உன் கெட்டித்தனம் அவர்களுக்குத் தெரியாது. நாவல் நிறத்தான் வழக்கம்போல அடாவடி பண்ணுகிறான். விட்டால் மஞ்சளை மூடி அமத்திவிடுவான். நீ செய்தமாதிரியே அவனை வெட்டி, மஞ்சளுக்கு வெயில் விட்டு வைத்திருக்கிறேன். கை முழுக்க முள்ளுக் கீறல்.

ஐந்தாவது தடியும் அங்கேதான் நிற்கிறது. உன் பைக்குள் இருந்து நான் எடுத்து நட்ட தடி. அது பூக்கிற நாளுக்காகத்தான் சுபா காத்துக்கொண்டிருந்தாள். அது பூத்துவிடக்கூடாதே என்று நான் செத்துக்கொண்டிருந்தேன்.

கடதாசிப்பூவைக் கேட்டு வாங்கி நட்டால் முளைக்காது, களவெடுத்து நட்டால்தான் வேர்விடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. வெற்றிலைக்கும் கறிவேப்பிலைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதை நீ மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டாய். உடையவன் தரக்கூடாது, எடுப்பவளை யாரும் பார்க்கக்கூடாது. பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த காலத்திலிருந்து நீ களவெடுக்கிறவள், நான் காவல் நிற்கிறவள். பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தாய். நான் கல்யாணம் கட்டாமல் உங்களோடேயே இருந்துவிட்டேன். காவல் வேலை மட்டும் மாறவில்லை.

செம்மஞ்சளை மன்னார்த் தபால் கந்தோர் மதிலில் எடுத்தாய். நான் வரிசையில் நின்று, முத்திரை விற்கிறவரிடம் தேவையில்லாத கேள்வியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ரோசா, ஆஸ்பத்திரி வேலியில். சுபா பிறந்து, வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டி வரும்போது, பிள்ளையை என் கையில் தந்துவிட்டுத் தடியை நீ சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தாய். மஞ்சளுக்காக விடத்தல்தீவுக் கோயில் பெருநாளுக்குப் போனோம். சுவாமியார் கண்டுவிட்டார். உன் கையில் கத்தி, மற்றக் கையில் கொப்பு. அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் வந்த வழியே திரும்பி உள்ளே போனார். "அந்தாள் நல்ல மனுசன், கமலா. முகத்தைத் திருப்பிட்டார். இது கட்டாயம் பிடிக்கும்" என்றாய். அப்படியே பிடித்தது. நாவல் நிறம் எங்கே எடுத்தாய் என்று எனக்கும் நீ சொல்லவில்லை.

வெள்ளை மட்டும்தான் இல்லை. வெள்ளை நின்றது குளத்தடியில், ஓவசியர் வீட்டில்.

குளத்து வேலை பார்த்த ஓவசியர் முதல் சண்டையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பூட்டிக் கிடந்த வீட்டின் கூரையில் அவர் நட்ட கடதாசிப்பூ ஏறிப் படர்ந்தது. வெள்ளையும் நாவலும் என்று இரண்டு. வயல் வரம்பில் நின்று பார்த்தால் வெள்ளைதான் தெரியும். "அவ்வளவு வெள்ளையை என்ர மற்ற நிறங்களுக்கு நடுவில விட்டுப் பார், கமலா" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய். நீ தடி எடுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஆமி வந்து அந்த வீட்டில் இருந்துவிட்டது.

அந்த நாள் நினைவிருக்கிறதா? உயிலங்குளம் சந்தைக்குப் போய்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தோம். மண்மூட்டைக்குப் பின்னால் நின்ற ஆமிக்காரன் உன் பார்வை எங்கே போகிறது என்று கண்டுவிட்டான். அவன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூரையிலிருந்து தொங்கிய வெள்ளைக் கொப்பொன்றை முறித்து, கம்பி வேலிக்கு மேலால் நீட்டினான். "அக்கா, மல் ஓனத?" பூ வேணுமா என்று கேட்கிறான். உன் கைக்கு எட்டுகிற தூரம். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துவிட்டாய்.

நீ பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். வளைவு திரும்பியதும், "பாவி, குடுக்கிறான்! குடுத்தால் அது வருமோ? அவன் அங்கால பார்த்துக்கொண்டு நிண்டிருந்தால் நானே எடுத்திருப்பன்" என்றாய். நான் சிரித்தேன். அன்றைக்கு அந்தக் கொப்பை நீ வாங்கியிருந்தால் என்ன குறைந்திருக்கும், தவம்? முளைக்காமல் போயிருக்கும். அவ்வளவுதானே?

பிறகு ஆமி அங்கிருந்து எழும்பிப் பிரதான வீதிக்குப் போனது. போகும்போது வளவைச் சுற்றி மிதிவெடி தாட்டுவிட்டுப் போனது ஊருக்கு ஒரு பசுமாட்டால் தெரிய வந்தது. யாரோ சிவப்புத் துணி கட்டிய கயிறு ஒன்றை இழுத்துக் கட்டினார்கள். வாடைக்காற்றுக்குக் கயிறு அறுந்தது. திரும்பக் கட்ட ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அண்ணன் அந்த நேரம் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போயிருந்தார். இடம் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுவதாகச் சொன்னவர், இன்னும் மண்டபம் முகாமில்தான் இருக்கிறார். கடலில் வழியில்லை. அவர் இருந்திருந்தால் உன்னைக் கட்டிப் போட்டிருப்பார்.

மழை தொடங்கியதும் உனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தடி நடுகிற காலம். "அவங்கள் குளத்துத் தண்ணி திறக்கிற துலுசுப் பக்கத்தால நடந்து திரிஞ்சவங்கள். தாங்கள் நடக்கிற வழியிலயும் தாப்பாங்களோ?" என்று கேட்டாய். நான் ஏசினேன். சுபாவும் அழுதாள். நான் வயலுக்குப் போன ஒரு விடியல் பார்த்து, ஓலை வார்கிற சத்தகக் கத்தியையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். காவலுக்கு என்னையும் கூப்பிடவில்லை.

மாடு மேய்க்கிற செல்லையா அண்ணைதான் கண்டவர். செத்த வீட்டில் என் காலடியில் இருந்து அழுதார்.

"பிள்ளை, அவ சரியாத்தான் போனவ. துலுசு வழியால போய், கொப்பை வெட்டிக்கொண்டு அதே வழியால திரும்பினவ. நான்தான் கண்டிட்டு, 'தவம், உதுக்குள்ள என்ன செய்யிறாய், நில்'லெண்டு கத்தினனான். என்னைக் கண்டதும் பையை மறைச்சுக்கொண்டு மற்றப் பக்கத்தால இறங்கிட்டா. நான் கத்தாமல் விட்டிருக்க வேணும்."

அந்த மனுசனுக்கு நீ ஏன் வழி மாறினாய் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவர் கண்டுவிட்டார். கண்டால் அது களவில்லை. அவர் கண்ணில் படாமல் மறைந்துவிட்டால் தடி பிழைக்கும் என்று நினைத்திருப்பாய். தடி பிழைத்தது, தவம். பையைத் தூக்கியெடுத்தபோது ஒரு இலைகூட வாடியிருக்கவில்லை.

உன் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு அதைக் கிடங்கில் நட்டேன். சுபா பக்கத்தில் நின்றாள். உன் சாவுக்குக்கூடச் சத்தம் போட்டு அழாத பிள்ளை, மண்ணை அணைத்துவிட்டு நிமிர்ந்து சொன்னாள்:

"வெள்ளை பூக்க வேணும் மாமி. பூக்காட்டி நானே போய் எடுத்துக்கொண்டு வருவன்."

"விசர்க்கதை கதையாத. அம்மா எடுத்துத் தந்திட்டாதானே" என்றேன்.

"மாரியில பூ இல்லையே மாமி. தடியைப் பார்த்து நிறம் எப்படித் தெரியும்?"

அந்த வயதில் எனக்கு இந்தப் புத்தி இருக்கவில்லை. அவள் சொன்னது சரிதான். அந்தக் கூரையில் வெள்ளையும் நாவலும் பின்னிக் கிடந்தன. பூவில்லாத காலத்தில், விடியல் மழைக்குள், அவசரத்தில் வெட்டிய தடி. அன்றிலிருந்து எனக்கு இந்தப் பயம்.

பிள்ளை ஒவ்வொரு நாளும் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். பள்ளிக்கூடம் போக முன்னும், வந்த பின்னும். போன கோடை முழுக்க மற்ற நாலும் பூத்துக் குலுங்க, அது மட்டும் இலையும் முள்ளுமாகத் தழைத்தது. அவளுடைய முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. "கடதாசிப்பூவுக்குத் தண்ணி காட்டினால் இலைதான் வரும் பிள்ளை. காயவிட்டால்தான் பூக்கும். கொம்மா சித்திரை வெயிலுக்கு ஒரு சொட்டும் ஊத்தமாட்டா" என்றேன். அவள் வாளியை அப்படியே கீழே வைத்தாள்.

இந்த மாசி பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. நிலம் பிளந்தது. இலை உதிர்ந்தது. அவள் தினமும் நுனிகளைத் தடவிப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். போன கிழமை, அவள் போன பிறகு நான் படலையடியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அதன் மேல் நுனியில் ஒரு மொட்டுக் கண்டேன். பயறளவு. விரலால் விரித்துப் பார்த்தேன்.

நாவல் நிறம்.

எங்களிடம் ஏற்கெனவே இருக்கிற, மற்றதையெல்லாம் மூடி அமத்துகிற அதே நாவல் நிறம். இதற்காகவா போனாய்? விளக்குமாற்றை எறிந்துவிட்டு அதிலேயே இருந்து அழுதேன். உன்னை ஏசினேன். என்னென்ன சொல்லி ஏசினேன் என்று இங்கே எழுதக் கூசுகிறது. பிறகு மொட்டைக் கிள்ளி அடுப்புக்குள் போட்டேன்.

அன்றிலிருந்து அவள் கண்ணுக்கு மறைவாக நான் தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன். அவள் படலையைத் தாண்டியதும் வாளியோடு ஓடுவேன். ஊற்றிவிட்டு, ஈரம் தெரியாமல் மேலே காய்ந்த மண்ணைத் தூவிவிடுவேன். கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. வாளியில் பாதி சேறுதான் வருகிறது. சமைக்கத் தண்ணீர் இல்லாமல் கிடக்க, ஒரு மரம் பூக்காமலிருக்கத் தண்ணீர் ஊற்றுகிற விசரி இந்த மன்னாரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனாலும் மொட்டுகள் நிற்கவில்லை. வரவரக் கிள்ளினேன்.

தடியைப் பிடுங்கி எறிந்தால் என்ன என்று நீ கேட்பாய். எறிந்தால் அன்றைக்கே அவள் போவாள். மன்னார்த் தீவுக்குள் எங்காவது வெள்ளை கிடைக்காதா என்றும் கேட்பாய். பாலம் தாண்டப் பாஸ் வேண்டும். பூந்தடி வெட்ட என்று சொல்லிப் பாஸ் கேட்டால் என்னைத்தான் பிடித்து வைப்பார்கள். அப்படிக் கிடைத்தாலும் அவள் ஏற்கமாட்டாள். அவளுக்கு அந்தக் கூரை வெள்ளைதான் வேண்டும். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்று காலை எழுந்து சாமி விளக்கேற்றப் போனேன். உன் படத்துக்கு முன்னால் ஒரு சிறு கொப்பு இருந்தது. நீட்டு முள்ளு, இளம் இலை, மூன்று பூ. நாவல் நிறம்.

பழைய மரத்தில் ஒடித்ததாக இருக்கட்டும் என்று நேர்ந்துகொண்டே வெளியில் ஓடினேன். இல்லை. ஐந்தாவது தடியின் அடியில், மற்றக் கொப்புகளுக்குள் மறைந்து, நிலத்தோடு ஒரு கிளை ஓடியிருக்கிறது. மேலே மேலே பார்த்துக் கிள்ளிய என் கண்ணுக்கு அது படவில்லை. முறித்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் நான் தூவிய காய்ந்த மண்ணை யாரோ விரலால் கிளறிப் பார்த்திருந்தார்கள்.

தேநீர் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. அழுத அடையாளமும் இல்லை.

"பிள்ளை, ஏதும் சொல்லப்போறியோ?" என்று கேட்டேன்.

"இல்லை மாமி. என்ன சொல்ல இருக்கு?" என்றாள்.

"நிறம் எதுவாயிருந்தால் என்ன பிள்ளை? அம்மா எடுத்த தடி. அது எங்களுக்குக் காணாதோ?"

"ஓம் மாமி, காணும்" என்று சொல்லிவிட்டுக் குடித்த கோப்பையைக் கழுவி வைத்தாள். பள்ளிக்கூடம் போனாள். நேரத்துக்குத் திரும்பி வந்தாள். பின்னேரம் என்னோடு இருந்து தேங்காய் துருவினாள். செல்லையா அண்ணை மாட்டைச் சாய்த்துக்கொண்டு வீதியால் போனபோது, படலைக்கு வந்து, அவர் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த நேரத்துக்கு அவர் அந்தப் பக்கம் போவார், எந்த நேரத்துக்குத் திரும்புவார் என்று நீயும் ஒரு காலத்தில் கவனித்தவள்தானே?

குசினிக்குள் கிடுகில் சொருகி வைத்திருந்த உன் சத்தகத்தைக் காணவில்லை. உன் துணிப்பையையும் காணவில்லை. அதைக் கழுவி, மடித்து, அலுமாரியின் அடித்தட்டில் நான்தான் வைத்தேன்.

அவள் சண்டை பிடித்திருந்தால் எனக்குப் பயமில்லை. "போகட்டோ மாமி" என்று ஒரு சொல் கேட்டிருந்தால், காலைப் பிடித்தாவது மறித்திருப்பேன். கேட்கவில்லை, தவம். காலையிலிருந்து என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு எடுத்தால் வராது என்று நீதானே சொல்லி வளர்த்தாய்.

சத்தகம் எங்கே என்று நானும் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் இல்லையென்று சொல்வாள். சொல்லிவிட்டு, நான் கிணற்றடிக்குப் போகிற நேரம் பார்ப்பாள். செல்லையா அண்ணையிடம் போய்ச் சொல்லலாம் என்றால், நான் படலையை விட்டு எழும்ப வேண்டும். அவர் திரும்பி வருகிற நேரம் இதால்தான் போவார். அப்போது மறித்து, இங்கேயே இருத்தி, விடிய இரண்டு பேருமாக அவளோடு கதைப்போம். அன்றைக்கு அங்கே கண்டதை அந்த மனுசன் தன் வாயாலேயே அவளுக்குச் சொல்லட்டும். அது காணுமோ காணாதோ எனக்குத் தெரியாது.

வெளிச்சம் மங்கிவிட்டது. எழுத்துத் தெரியவில்லை. தெற்கே, முசலிப் பக்கம், ஏதோ இரண்டு தரம் அதிர்ந்தது. சுபா தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. உன் மரத்துப் பூவெல்லாம் இருட்டில் ஒரே நிறமாகத் தெரிகின்றன.

நான் உனக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். தபால் கந்தோரில், ஆஸ்பத்திரியில், கோயில் வளவில், நீ கை நீட்டிய இடமெல்லாம் நான் மற்றப் பக்கம் பார்த்தேன். அதுதான் என் வேலை என்று சந்தோசமாகப் பார்த்தேன். இன்றிலிருந்து என் பாய் இந்தப் படலையடியில்தான். கிணற்றடிக்குப் போனாலும் அவளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவேன். அவள் எரிச்சல்படட்டும், என்னை வெறுக்கட்டும், வாழ்நாள் முழுக்கக் கதையாமல் இருக்கட்டும். உன் பிள்ளை மேலிருந்து மட்டும் நான் முகத்தைத் திருப்பமாட்டேன்.

கண் மூடாமல்,
உன் மகளின் மாமி,
உன் மச்சாள் கமலா